ஏழு தண்ணீர் கழுவிய அரிசி

யாக்கூப் வாசலில் நின்று வழக்கம்போலக் காலை உதறினான். வலது செருப்பு கழன்று விழுந்தது. இடது காலையும் உதறினான். அதில் கழன்று விழ ஒன்றுமில்லை.

மனுஷன் அதைக் கவனிக்கவே இல்லை. தண்ணி கேட்டுக்கொண்டே உள்ளே வந்து பாயில் உட்கார்ந்துவிட்டான். அவன் பெண்சாதி ஜைனப்தான் கவனித்தாள்.

“மச்சான், இன்னொரு செருப்பு எங்கே?”

“வாசல்ல கிடக்கும், பாரு.”

“ஒண்ணுதான் கிடக்கு.”

அவன் குனிந்து தன் இடது பாதத்தைப் பார்த்தான். பாதம் முழுக்கச் சேறு. டிசம்பர் மழையில் சிராங்கூன் ரோடு ஜல்லியும் சகதியுமாகக் கிடந்த நேரம் அது. செருப்பு எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. வீடு இருக்கிற கம்போங் கப்போர் வரைக்கும் ஜல்லியை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறான், உள்ளங்காலுக்குச் சேதி எட்டவில்லை. ஜைனப் ஈரத் துணியால் துடைத்தாள். குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு குத்தி நின்றது. பிடுங்கினாள். ரத்தம் வந்தது.

“வலிக்குதா?”

“இல்லையே,” என்றான் யாக்கூப். அப்புறம் மெல்ல, “யார்கிட்டயும் சொல்லாதே புள்ள,” என்றான்.

காலில் உணர்ச்சி செத்துப்போனால் அதற்கு என்ன பேர் என்று அந்தக் காலத்தில் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பெருவியாதி. தொழுநோய் என்று இன்றைக்கு நாசூக்காகச் சொல்கிறோமே, அதுதான். சர்க்காருக்குத் தெரிந்தால் ஊருக்கு வெளியே வேலி போட்ட கொட்டடியில் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள் என்று பேச்சு. பெண்சாதி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அழலாம், அவ்வளவுதான்.

யாக்கூப் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம் பிறந்த அன்றைக்கு, பாடாங் திடலில் நடந்த புதுவருஷ விளையாட்டில், ஒரு மைல் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவன். பட்டாளத்துச் சிப்பாய்கள், போலீஸ்காரச் சீக்கியர்கள், கப்பல் மாலுமிகள், அத்தனை பேரும் பூட்ஸு போட்டு ஓட, இவன் வெறுங்காலோடு ஓடி ஜெயித்தான். ஜலாலுதீன் மரைக்காயர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். தேக்காவில் பெரிய அரிசிக் கடை வைத்திருந்த மனுஷர், ஐம்பது வயசுக்காரர், யானைக்குட்டி மாதிரி உடம்பு. அவர் ஆடியதைத்தான் ஊர் ஓட்டத்தைவிட அதிகமாகப் பேசியது.

அதோடு விட்டாரா? மூட்டை தூக்கிக்கொண்டிருந்த யாக்கூபைக் கடைக்குள்ளே எடை பார்க்கிற வேலையில் உட்காரவைத்தார். அடுத்த வருஷமும் இவன்தான் ஜெயிப்பான் என்று துரைமார் முன்னால் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தார். வருஷத்தின் பாதியில், “இனி நீ திங்கிற சோறு என் பொறுப்பு,” என்று ஒரு மூட்டையை யாக்கூப் வீட்டுக்கு அனுப்பினார். சயாம் பச்சரிசி. மில்லில் தீட்டித் தீட்டித் தவிட்டுப் பொட்டுக்கூட ஒட்டாத, மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளை அரிசி.

கப்பலேறிப் பிழைக்க வந்த நம் ஆட்கள் அதுவரை தின்றது ரங்கூன் புழுங்கல். சிவப்பாக, கொட்டையாக, ஒரு வாடையோடு இருக்கும். “அது கூலிக்காரன் சோறு. வெள்ளைக்காரனை ஜெயிக்கிறவன் வெள்ளைச் சோறு திங்கணும்,” என்றார் மரைக்காயர். எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்? ஜைனபுக்கு அந்த மூட்டையைப் பார்த்தபோது உச்சி குளிர்ந்துபோனது. புருஷனுக்கென்று தனிப் பானை வைத்தாள். அரிசியை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவுவாள், கழுவின தண்ணி கிணத்துத் தண்ணி மாதிரித் தெளிகிற வரைக்கும் விடமாட்டாள். கஞ்சியை வடித்துக் கொட்டிவிட்டு, சோற்றில் நெய்யும் சீனியும் போட்டுப் பிசைந்து வைப்பாள். அந்தப் பானையிலிருந்து ஒரு பருக்கையைத் தன் வாயில் போட்டதில்லை. அவளுக்கு எப்பவும் போலப் புழுங்கல் சோறும் கருவாட்டுக் குழம்பும்.

சுளுக்கு ஆரம்பித்தது ஆகஸ்டு வாக்கில். குதிரைப் பந்தயத் திடல் ஓரம் விடிகாலையில் ஓடும்போது இடது கணுக்கால் புரண்டது. பள்ளத்தில் கால் வைத்திருப்பான் என்றார்கள். பத்து நாள் கட்டுப் போட்டு எழுந்து ஓடினான், மறுபடி அதே கால். ஈரப் புல் வழுக்கியிருக்கும். மூன்றாம் தடவை வலது கால் புரண்டபோது, போட்டிக்காரன் எவனோ கல்லைப் போட்டு வைத்திருக்கிறான் என்று மரைக்காயர் இரண்டு ஆளைக் காவலுக்கு நிறுத்தினார். நாலாம் தடவை காவலாளி கண் முன்னாலேயே புரண்டது. இனி கண்ணேறுதான் என்று முடிவுகட்டி, ஓதின தண்ணியும் தாயத்தும் வந்தன. ஐந்தாம் தடவை கடைக்குள்ளே, சமமான சிமெண்டுத் தரையில் நடந்து போகும்போது மடங்கி விழுந்தான். அதற்கு யாரும் காரணம் சொல்லவில்லை.

கட்டுப் போட வந்த நாட்டு வைத்தியர் மட்டும் விடவில்லை. “வாயு இறங்கிக் கணுக்கால்ல உட்கார்ந்திருக்கு. பருப்பு, பயறு, மொச்சை, கிழங்கு எதையும் கண்ணுல காட்டாதே. கறியும் வேணாம், சூடு,” என்றார். ஜைனப் அதையும் அட்சரம் பிசகாமல் செய்தாள். வெள்ளைச் சோறு, நெய், சீனி, மிஞ்சினால் மிளகு ரசம். அந்த வைத்தியரை இப்போது என் கையில் கொடுத்தால் நாலு கேள்வி கேட்பேன். அது கிடக்கட்டும்.

செருப்பு தொலைந்தது ஓட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது. மறுநாள் மத்தியானம் அவன் கண்ணயர்ந்திருந்த நேரம், ஜைனப் தையல் ஊசியை எடுத்துக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்தாள். சுண்டு விரலில் குத்தினாள். அசையவில்லை. புறங்காலில் குத்தினாள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே குத்தியபோதுதான் காலை இழுத்தான். முதுகில், தொடையில், காது மடலில் எங்காவது வெளுத்த படை தெரிகிறதா என்று சட்டையை விலக்கி விலக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இல்லாததும் அவளுக்கு நிம்மதி தரவில்லை, உள்ளுக்குள் ஒளிந்திருக்குமோ என்றுதான் தோன்றியது. யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால் பிடித்துக்கொண்டு போவார்கள். சொல்லாவிட்டால் இவன் அழுகிச் சாவான். அன்றைக்கு அவள் தொழுத தொழுகையில் பாதி அழுகைதான்.

மறுநாள் சாயங்காலம் பொறுக்கமுடியாமல் அடுத்த வீட்டு மங்களத்திடம் வாயைத் திறந்தாள். மங்களத்தின் வீட்டுக்காரர் தங்கராஜு சர்க்கார் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். புண்ணுக்குக் கட்டுவார், மருந்து கலக்குவார், டாக்டர் துரை இல்லாத நேரத்தில் அவரே டாக்டர் துரை. குச்சி மாதிரி மனுஷன், பேச்சும் குச்சிதான். அவர் வந்து நின்றதும் யாக்கூபுக்குப் புரிந்துவிட்டது. ஜைனபைப் பார்த்த பார்வையில் அவளை எரித்துவிடுவான்போல இருந்தது.

“சொல்லாதேன்னு சொன்னேனா இல்லையா?”

“அப்புறம் திட்டிக்கங்க மச்சான். இப்ப காலை நீட்டுங்க.”

தங்கராஜு முதலில் தோலைப் பார்த்தார். முழங்கைக்கு உள்பக்கம், முழங்காலுக்குப் பின்பக்கம் நரம்பைத் தடவித் தடவிப் பார்த்தார். காதுக்குக் கீழே தொட்டுப் பார்த்தார். ஜைனப் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பெருவியாதி இல்லை,” என்றார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். யாக்கூப் சிரித்தான், எத்தனை நாள் கழித்து.

ஆனால் தங்கராஜு சிரிக்கவில்லை. யாக்கூபின் கெண்டைக்கால் சதையைப் பிடித்து அழுத்தினார். பாதத்தில் சில்லு குத்தினது தெரியாதவன், சதையை அழுத்தியதும் அலறினான். காலைத் தொங்கப் போடச் சொல்லி முழங்காலுக்குக் கீழே கைவிளிம்பால் தட்டினார். கால் உதறவேண்டும், உதறவில்லை. நெஞ்சில் குழலை வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

“தம்பி, குந்தி உட்காருங்க. கையை எங்கேயும் ஊனாம எழுந்திரிங்க.”

இதென்ன வேடிக்கை என்று யாக்கூப் குந்தினான். எழ முயன்றான். இடுப்பு ஒரு சாண் உயர்ந்தது, தொடை நடுங்கியது, பொத்தென்று பின்னால் உட்கார்ந்தான். மறுபடி முயன்றான். மறுபடியும் பொத்தென்று. வருஷம் பிறந்த அன்றைக்கு ஒரு மைல் ஓடின கால், வருஷம் முடிகிற நேரத்தில் தரையிலிருந்து ஒரு முழம் எழும்பவில்லை.

“எனக்கு இது தெரிஞ்ச நோய்தான்,” என்றார் தங்கராஜு. “பெரிபெரி. சீனக் கூலி ஆளுங்க கூட்டம் கூட்டமா இதோட ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க. ஆனா நம்ம ஆளு ஒருத்தன் வந்து நான் பார்த்ததில்லை. அதான் குழம்புது.” கொஞ்சம் யோசித்தார். “அம்மா, நீங்க எந்திரிச்சு நல்லாத்தானே நடக்குறீங்க? உங்களுக்குக் கால் மரமரப்பு ஏதாச்சும்?”

“இல்லீங்க ஐயா.”

“ரெண்டு பேரும் ஒரே பானைச் சோறுதானே?”

ஜைனப் அடுப்புப் பக்கம் திரும்பினாள். அடுப்பில் இரண்டு பானை பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. தங்கராஜு அவள் பார்வை போன பக்கம் பார்த்தார், எழுந்து போனார், ஒரு மூடியைத் திறந்தார், அடுத்த மூடியைத் திறந்தார். வெள்ளைச் சோற்றை ஒரு விரலால் எடுத்துப் பார்த்துவிட்டு, “எத்தனை மாசமா?” என்று கேட்டார்.

“ஆறு மாசம்.”

அவர் சொன்னது இதுதான். துரை டாக்டர்களுக்குள்ளேயே இதில் சண்டை. ஒருத்தர் கிருமி என்கிறார், ஒருத்தர் அரிசி என்கிறார். ஆனால் வார்டில் பதினைந்து வருஷம் நிற்கிறவருக்குக் கண் இருக்கிறது. தீட்டின வெள்ளை அரிசியை மட்டும் தின்கிறவனுக்கு வருகிறது, புழுங்கல் தின்கிறவனுக்கு வருவதில்லை. தவிட்டோடு என்னவோ போய்விடுகிறது. காலில் இருக்கிற நரம்பு பட்டினியில் சாகிறது. பாதத்தின் முன்பக்கம் தூக்காமல் தொங்கும், தரையில் தட்டும், கணுக்கால் புரளும்.

“சுளுக்கினதால கால் பலவீனமாகலைம்மா. கால் செத்துக்கிட்டு வர்றதாலதான் சுளுக்குது. கட்டுப் போட்டு என்ன பண்ண? பயறு, பருப்பு, தவிடு, புழுங்கல், இதைக் கொடுங்க. மாசக்கணக்கு ஆகும், திரும்பிடும்.”

“அப்ப நாளன்னைக்கு ஓட்டம்?” என்றான் யாக்கூப்.

“நெஞ்சும் வீங்கியிருக்கு தம்பி. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே குதிரை ஓடுற மாதிரி அடிக்குது. நீங்க ஓடினீங்கன்னா பாதித் தூரத்துல விழுவீங்க. எழுந்திரிக்க மாட்டீங்க.” அதைச் சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஏழு தண்ணீர் விட்டுக் கழுவினது யார்? கஞ்சியை வடித்துக் கொட்டினது யார்? பருப்பைக் கண்ணில் காட்டாமல் வைத்தது யார்? ஜைனப் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷனைத் தன் கையாலேயே சாகடிக்கப் பார்த்தேனே என்று மாரில் அடித்துக்கொண்டாள். யாக்கூபோ தலையிலிருந்து மலை இறங்கினவன் மாதிரி இருந்தான். பெருவியாதி இல்லை என்ற ஒரு சொல்லே அவனுக்குப் போதுமாக இருந்தது.

“சோறு தின்னா கால் சுளுக்குமாம். கேட்டா ஊரு சிரிக்கும் புள்ள.”

“நெஞ்சு நிக்கும்னாரே மச்சான்.”

“ஒரு மைல்தானே. ஓடி முடிச்சிட்டு நீ கொடுக்குற தவிட்டையெல்லாம் திங்கிறேன்.” பிறகு அவன் குரல் தாழ்ந்தது. “ஜைனபு, அந்த மனுஷன் என்னை மூட்டைக்கு அடியிலிருந்து தூக்கி உட்கார வெச்சாரு. அவரு போட்ட சோத்துலதான் நோய்னு எந்த வாயால சொல்லச் சொல்றே? அதைவிட விழுந்து செத்துடலாம். நீயும் சொல்லக் கூடாது. சொன்னே, எம் முகத்துல முழிக்காதே.”

அவன் வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆளில்லை. அதுதான் அவளைக் கலக்கியது.

மறுநாள் வருஷத்தின் கடைசி நாள். காலையில் அவன் கடைக்குக் கிளம்பிப் போனான், மழைத்தண்ணியில் நடக்கிறவன் மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து. ஜைனப் வாசலில் நின்று அவன் முதுகைப் பார்த்தாள். சொன்னால் புருஷன் இல்லை, சொல்லாவிட்டாலும் புருஷன் இல்லை. ஆனால் முதல் கணக்கில் அவன் எங்கேயாவது உயிரோடு இருப்பான். அதற்கு மேல் அவளுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

மரைக்காயர் கடைக்குள் முன்வாசல் வழியாகப் பெண்பிள்ளை யாரும் போனதில்லை. அன்றைக்குக் கடையில் கூட்டம் வேறு. நாளைக்கு ஓடப்போகிறவனைப் பார்க்க வந்தவர்கள், மூட்டைக்காரர்கள், தெருக்காரர்கள். மரைக்காயர் நாளைக்குப் போட்டுக்கொள்ளப் புதுப் பச்சைச் சட்டையை யாக்கூபின் தோளில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். ஜைனப் உள்ளே வந்து நின்றதும் பேச்சு நின்றது. யாக்கூபின் முகம் இறுகியது.

“என்னம்மா, வீட்டுல யாருக்கும் சுகமில்லையா?” என்றார் மரைக்காயர்.

“இவங்களுக்குத்தான் முதலாளி. நாளைக்கு இவங்க ஓடக்கூடாது. ஓடினா செத்துப்போவாங்க. நீங்க அனுப்புற அரிசி இவங்க காலைக் கொன்னுடுச்சு. ஆக்கிப் போட்டது நான்.”

சொல்லி முடித்ததும் கடைக்கோடியில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். மரைக்காயர் சிரிக்கவில்லை. அவர் கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது.

“என் அரிசியா? தேக்கா பூராவும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற அரிசிம்மா அது. எவன் சொல்லிக்கொடுத்து அனுப்பினான் உன்னை?”

“யாரும் சொல்லிக்கொடுக்கலை. குந்தி உட்கார்ந்து, கை ஊனாம எழுந்திரிக்கச் சொல்லுங்க. எழுந்திரிச்சிட்டாங்கன்னா நான் இந்தத் தெருப்பக்கமே தலை காட்டலை.”

“இவ்வளவுதானா? தம்பி, உட்கார்ந்து எழுந்திரு. உம் பொண்டாட்டி வாயை அடைப்போம்.”

யாக்கூப் அவளைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும், முடியாது என்று. அவள் கிறுக்குப் பிடித்தவள், கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அத்தனை பேரும் நம்புவார்கள். அவள் அதற்குத்தான் காத்துக்கொண்டு நின்றாள். உதடு வரைக்கும் அந்தச் சொல் வந்ததை அவள் பார்த்தாள்.

அவன் சொல்லவில்லை. மெதுவாகக் குந்தி உட்கார்ந்தான்.

ஒரு தடவை எழ முயன்றான், முடியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் நிறுத்தினார்கள். இரண்டாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றபோது நெற்றியில் நரம்பு புடைத்தது, தொடை வெடவெடவென்று ஆடியது. பக்கத்தில் நின்ற மூட்டைக்காரன் தூக்கக் குனிந்தான். “தொடாதே,” என்றார் மரைக்காயர். மூன்றாம் தடவை யாக்கூப் பக்கவாட்டில் சரிந்து அரிசி மூட்டையில் மோதிக்கொண்டான். மறுபடி நிமிர்ந்து குந்தினான். மேற்கொண்டு முயலவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

“முந்தாநாள் வரைக்கும் என்னன்னு தெரியாது முதலாளி,” என்றான் தரையைப் பார்த்தபடி. “நேத்து தெரிஞ்சிடுச்சு.”

“தெரிஞ்சும் நாளைக்கு ஓடவா இருந்தே?”

“நீங்க துரைமார்கிட்ட சொல்லிட்டீங்களே.”

மரைக்காயரின் கையில் அந்தப் பச்சைச் சட்டை இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அவ்வளவு பெரிய உடம்பு, அப்போது பார்க்கச் சின்னதாகத் தெரிந்தது.

“என் வீட்டுல புழுங்கல்தான்டா திங்கிறோம்,” என்றார். “அந்த மூட்டை விலை கூடுதல்னு எம் பிள்ளைங்களுக்குக்கூடப் போட்டதில்லை. உனக்கு மட்டும்தான் கொடுத்தேன்.” குனிந்து, யாக்கூபின் கையைப் பிடித்துத் தூக்கத் தன் கையை நீட்டினார்.

யாக்கூப் அந்தக் கையைப் பார்த்தான், பற்றவில்லை. கோபத்தால் இல்லை, கோபப்படுகிற ஆளா அவன். தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தான். அங்கே ஜைனப் தெருவில் இறங்கத் திரும்பிக்கொண்டிருந்தாள். என் முகத்தில் முழிக்காதே என்று அவன் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை.

“ஜைனபு,” என்று கூப்பிட்டான். “எங்கே போறே? வந்து என்னைத் தூக்கு.”

அவள் அத்தனை ஆம்பளைகளுக்கும் நடுவே போய், முதுகைக் காட்டிக் குனிந்து நின்றாள். அவன் அவள் தோளில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தான். கம்போங் கப்போர் வந்து சேர்கிற வரைக்கும் அந்தத் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.